அரங்கேற்றத்துக்கு ஆறு கிழமை: விளையாட்டுக் காயக் கிளினிக்கில் யாரிடம் போவது?

அரங்கேற்றத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது. தாயும் மகளும் எமது அறைக்குள் வந்தார்கள். மகளுக்கு வயது 16. ஏழு வயதிலிருந்து பரதம் பழகுகிற பிள்ளை. கதவால் உள்ளே வரும்போதே இடது காலில் பாரத்தைப் போடாமல் நடப்பது தெரிந்தது.

"டொக்டர், ஹோல் புக் பண்ணியாச்சு. காட் அடிச்சாச்சு. மிருதங்கக்காரருக்குச் சென்னையிலயிருந்து ரிக்கற் போட்டாச்சு. ஆறு கிழமைக்கு நோவு தெரியாமல் இருக்க ஏதாவது தாங்கோ. மிச்சத்தைப் பிறகு ஆறுதலாய்ப் பாப்பம்" என்றார் தாய். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதிலே நாம் ஒளிக்காமல் சொல்லவேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளை இரண்டு மாதத்துக்கு முன்னரும் இதே நோவுக்காக எம்மிடம் வந்தவள். நாம் கணைக்காலை அங்குமிங்கும் அமத்திப் பார்த்துவிட்டு, "வளருகிற வயது, ஐஸ் வையுங்கோ, பனடோல் போடுங்கோ" என்று அனுப்பிவிட்டோம். வெளியில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள் என்பது சாட்டே தவிர நியாயம் அல்ல.

இந்த முறை ஒரே விரலால் எலும்பின் உட்பக்க விளிம்பைத் தடவிக்கொண்டு வந்தோம். ஓரிடத்தில் பிள்ளை துள்ளி எழும்பினாள். ஒரு ஐந்து சத நாணயத்தின் அளவுள்ள இடம். இரவில் படுத்திருக்கும்போதும் நோகிறதாம். ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னோம், முடியவில்லை. எக்ஸ்றே எடுத்தோம், "ஒன்றுமில்லை" என்று வந்தது. தாயின் முகம் மலர்ந்தது. ஆனால் எலும்பில் களைப்பினால் விழும் மயிர்வெடிப்பு முதல் இரண்டு மூன்று கிழமைகளில், சிலவேளை அதற்குப் பிறகும்கூட, எக்ஸ்றேயில் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். குடும்ப வைத்தியர் கேட்கும் கணைக்கால் எம்.ஆர்.ஐ.க்கு இங்கே மெடிகெயார் பணம் தராது, நிபுணர் கேட்டால் சில நிலைமைகளுக்குத் தரும். ஆகவே பிள்ளையை மேற்கு சிட்னியிலுள்ள ஒரு விளையாட்டுக் காய, புனர்வாழ்வுக் கிளினிக்குக்கு அனுப்பினோம்.

"நடனத்துக்கு ஏன் விளையாட்டு டொக்டர்?" என்று தாய் கேட்டார். நியாயமான கேள்விதான். வெறுங்காலோடு, அரைமண்டியில், கொங்கிறீற் நிலத்தில் ஒரு மணித்தியாலம் தட்டுகிற பிள்ளையின் எலும்புக்கு, அது கலையா விளையாட்டா என்ற வித்தியாசம் தெரியாது.

அங்கே யார் யார் இருக்கிறார்கள்?

எமது சனம் இந்தக் கிளினிக்குகளுக்குள் போனால் குழம்பிப் போகிறது. சுவரிலே பத்துப் படங்கள், பெயருக்குப் பின்னால் எழுத்துகள், எல்லாரும் ஒரே நிற ரீசேர்ட். யார் வைத்தியர், யார் இல்லை என்றே பிடிபடுவதில்லை.

முதலில் விளையாட்டு மருத்துவ நிபுணர். இவர் எம்மைப்போல மருத்துவம் படித்துப் பட்டம் பெற்று, அதன் பின் இதற்கென்றே பல வருடங்கள் பயிற்சி எடுத்தவர். அவுஸ்திரேலியாவில் இது 2009இல் தனியான நிபுணத்துவத் துறையாக அங்கீகரிக்கப்பட்டது. சத்திரசிகிச்சை செய்யமாட்டார். நோயை நிர்ணயிப்பது, ஸ்கான் கேட்பது, தேவையான இடத்தில் ஊசி போடுவது, யாரிடம் அடுத்துப் போகவேண்டும் என்று தீர்மானிப்பது இவருடைய வேலை. குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமல் போனால் நிபுணருக்குரிய மெடிகெயார் பணம் திரும்பி வராது. அந்தக் கடிதம் வழமையாக 12 மாதத்துக்குச் செல்லும். விளையாட்டில் ஆர்வமுள்ள குடும்ப வைத்தியர்களும் இப்படியான இடங்களில் வேலை செய்கிறார்கள். நல்லவர்கள்தான், ஆனால் நிபுணர் அல்ல. யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று புக் பண்ணும்போதே கேளுங்கள்.

அடுத்தது பிசியோதெரபிஸ்ற், இலங்கைத் தமிழில் இயன் மருத்துவர். இவரிடம் போக எவருடைய கடிதமும் தேவையில்லை. பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, அப்ரா என்ற தேசியப் பதிவுச் சபையில் பதிந்திருக்கவேண்டும். பதியாதவர் தன்னைப் பிசியோ என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம். பாதத்தைப் பார்க்கும் போடியற்றிஸ்ற், ஒஸ்தியோபாத், கைரோபிரக்ரர் ஆகியோரும் அதே சபையின் கீழ் வருகிறார்கள். கைரோபிரக்ரர் சிலர் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போடுவார்கள். அது அனுமதிக்கப்பட்டதுதான், ஆனால் அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் என்று அர்த்தமில்லை. அப்ராவின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால் எவருடைய பதிவையும் இலவசமாகப் பார்க்கலாம்.

உடற்பயிற்சி உடலியலாளரும் உணவியலாளரும் அப்ராவின் கீழ் வருவதில்லை. ஆனால் பட்டம் பெற்றவர்கள், தத்தமது தொழிற்சங்கத்தின் அங்கீகாரம் உள்ளவர்கள். மசாஜ் செய்பவர்களுக்கு அப்படியான பதிவே கிடையாது. சிலர் இரண்டு வருடம் படித்திருப்பார்கள், சிலர் சில கிழமைகள்தான். மசாஜ் கூடாது என்று நாம் சொல்லவில்லை. இறுகிய தசைக்கு அது சுகம் தரும். ஆனால் இந்தப் பிள்ளையின் கணைக்காலில், நல்ல மனதோடு, ஒரு மாதமாக எண்ணெய் போட்டு அழுத்தி நீவியிருக்கிறார்கள். வெடித்த எலும்புக்கு மேல்!

எமது காலும் ஒரு கதை

எமக்கும் ஊரில் உதைபந்தாட்டம்தான் உயிர். வெறுங்காலோடு செம்மண்ணில் ஓடி, வலது கணுக்காலை மூன்று தரம் பிரட்டியிருக்கிறோம். முறிவு நெறிவுப் பரியாரி எண்ணெய் பூசி, பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டிவிடுவார். நோவு போகும். பந்து திரும்பவும் வரும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் எல்லாம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, மருத்துவ பீட மாணவனாக நாமும் அந்தக் கூட்டத்தில் நடந்தோம். அந்தக் கணுக்கால் அன்றும் ஒருமுறை பிரண்டது. நிற்க இடமில்லை, ஆகவே நடந்தோம்.

பல வருடங்களின் பின் சிட்னியில், இதே கிளினிக்கில் ஒரு இளம் பிசியோ எம்மைக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நான்கு செக்கன் நிற்கவில்லை. மருத்துவம் படித்த எமக்கே, சுளுக்கு ஆறிய பின்னும் சமநிலைப் பயிற்சி செய்யாவிட்டால் அது திரும்பத் திரும்பப் பிரளும் என்பது புத்தகத்தில் மட்டுமே தெரிந்திருந்தது. பரியாரியார் கட்டிய கட்டில் பிழையில்லை. கட்டை அவிழ்த்த பிறகு செய்யவேண்டியதை எவரும் சொல்லவில்லை. பல்லு விளக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறோம் இப்போது. வீட்டில் சிரிக்கிறார்கள்.

கணுக்கால் சுளுக்கினால் எப்போது எக்ஸ்றே என்று பலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் வெளியிட்ட விதி ஒன்று இன்றும் உலகெங்கும் பாவனையில் உள்ளது. விழுந்த உடனும் வைத்தியர் முன்னும் நான்கு அடி வைக்க முடியவில்லை என்றால், அல்லது கணுக்காலின் இரு பக்க எலும்புகளின் பின் விளிம்பையோ நுனியையோ அமத்தும்போது நொந்தால் படம் எடுக்கவேண்டும். பாதத்தின் நடுப்பகுதியிலும் அமத்திப் பார்க்கும் இரண்டு இடங்கள் உண்டு, அவற்றை வைத்தியர் பார்ப்பார். இவை ஒன்றும் இல்லாவிட்டால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கேட்காமல் விட்ட கேள்வி

பிள்ளையின் கதைக்கு வருவோம். நிபுணர் ஒரு பெண். எம்.ஆர்.ஐ.யில் கணைக்கால் எலும்பின் உட்புறம் வெடிப்பு இருப்பது தெளிவாகத் தெரிந்தது. அவர் தாயைக் கொஞ்ச நேரம் வெளியில் இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டார். "கடைசியாக பீரியட் எப்போது வந்தது?"

ஐந்து மாதம்.

தாய்க்குத் தெரியாது. பிள்ளை சொல்லவில்லை. "நல்லதுதானே, டான்ஸ் கிளாஸுக்குக் கரைச்சலில்லை" என்று நினைத்ததாம். எட்டு மாதத்துக்கு முன் ஆடைக்கு அளவெடுத்த அன்று ஒரு உறவினர், "கொஞ்சம் மெலிஞ்சால் இன்னும் வடிவாயிருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இரவில் சோறு இல்லை. பாடசாலைக்குக் கொண்டுபோன சாப்பாடு குப்பைத்தொட்டியில். நவராத்திரி, கந்தசஷ்டி என்று விரதங்களும் வந்தன. அதே மாதங்களில் பயிற்சியோ கிழமைக்கு மூன்று நாளிலிருந்து ஆறு நாளாகக் கூடியது.

உடலுக்குள் போகும் சக்தி, செலவாகும் சக்தியை விடக் குறைந்தால் உடல் ஒவ்வொரு செலவாக வெட்டும். முதலில் வெட்டுப்படுவது மாதவிலக்கு. அதோடு ஈஸ்திரஜன் குறைகிறது, எலும்பு தன்னைத்தானே திருத்தும் வேலையும் மந்தமாகிறது. ஒவ்வொரு நாளும் தட்டும் தட்டில் எலும்பில் நுண்ணிய கீறல் விழுவது இயற்கை. சாப்பாடும் நித்திரையும் இருந்தால் அது ஆறிவிடும், இல்லாவிட்டால் கீறல் கீறலோடு சேர்ந்து வெடிப்பாகும். இதை 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு விளையாட்டில் ஏற்படும் சக்திக் குறைபாட்டு நோய் என்று பெயரிட்டு விளக்கியது. ஆண் பிள்ளைகளுக்கும் வரலாம்.

கிரமமாக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், அல்லது 15 வயதாகியும் பெரியபிள்ளையாகாவிட்டால் வைத்தியரிடம் கூட்டிவாருங்கள். கருத்தடை மாத்திரை கொடுத்து இரத்தப்போக்கை வரவைத்தால் கணக்குச் சரியாகிவிடாது. அது எலும்பைக் காப்பாற்றாது, உள்ளேயுள்ள குறையை மூடிமறைக்கும்.

நாம் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை? பிள்ளையின் தகப்பனை எமக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். கோயிலில் கண்டு கதைக்கிறவர். ஒரே சமூகத்து வைத்தியர் என்பது பல இடங்களில் உதவி, இந்த இடத்தில் உபத்திரவமாகப் போனது. கூச்சம் எமக்கும்தான் இருந்தது. இப்போது கணைக்கால் நோவென்று பெண்பிள்ளை வந்தால் கேட்கிறோம். எமக்குச் சொல்லக் கூச்சப்பட்டால் எமது கிளினிக்கிலுள்ள பெண் வைத்தியரைக் கேளுங்கள், கோபிக்கமாட்டோம்.

ஆறு கிழமை, எட்டு மாதமானது

நிபுணர் தீர்ப்பைச் சொன்னார்: துள்ளலும் தட்டலும் உடனே நிற்பாட்டவேண்டும். நோ மருந்து போட்டு மேடையேறினால் வெடிப்பு முழு முறிவாகலாம். தாய் அழுதார். மண்டபத்துக்குக் கட்டிய முற்பணம் திரும்பாது. எமக்குத் தொலைபேசி எடுத்து, "நீங்கள் ஒருக்கால் அவவோட கதைச்சுப் பாருங்கோ டொக்டர், ஒரு நாள்தானே" என்றார். முதல் தரம் நாமே பிழைவிட்டிருந்ததால் அதைச் சொல்லியே தொடங்கினோம். அன்று நாம் சரியாகப் பார்த்திருந்தால் இரண்டு மாதம் மிச்சம் பிடித்திருக்கலாம் என்றோம். தொலைபேசியின் அந்தப் பக்கம் கனநேரம் சத்தமில்லை. பிறகு, "சரி, ரீச்சரிட்டை நான் சொல்லுறன்" என்றார்.

பிசியோ வியட்நாமியப் பின்னணி கொண்ட இளைஞர். பரதநாட்டியத்தைக் கண்ணால் கண்டதில்லை. பிள்ளையின் பழைய ஒளிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லி, ஒரு நிமிடத்தில் எத்தனை தட்டு என்று எண்ணினார். நூறைத் தாண்டியது. பிறகு இடுப்பு மூட்டு எவ்வளவு வெளிப்பக்கம் திரும்புகிறது என்று அளந்தார். அரைமண்டியில் கால் விரிவது இடுப்பிலிருந்து வரவேண்டும். அது போதாத பிள்ளை பாதத்தையும் முழங்காலையும் முறுக்கி அந்த விரிவைக் காட்டும். முழங்கால் பாதத்து விரல்களுக்கு நேரே மேலே நிற்கிறதா என்பதை எந்தத் தாயும் வீட்டில் பார்க்கலாம். உள்ளே சரிந்தால் விரிவைக் குறைக்கவேண்டும்.

போடியற்றிஸ்ற் சப்பாத்துக்குள் வைக்கத் தகடு செய்துதருவார் என்று தாய் எதிர்பார்த்தார். அவரோ, "வெறுங்காலோடு ஆடும் பிள்ளைக்குத் தகட்டை எங்கே வைப்பது?" என்று சிரித்துவிட்டு, பயிற்சி நடக்கும் இடத்தைக் கேட்டார். கராஜ். கொங்கிறீற்றுக்கு மேல் ரைல். பலகைத் தளம் உள்ள இடத்துக்கு வகுப்பை மாற்றச் சொன்னார். அவ்வளவுதான் அவருடைய சிகிச்சை, அதற்காகவே அவரை எமக்குப் பிடித்துவிட்டது.

உணவியலாளர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். விற்றமின் டி லீற்றருக்கு 50 நனோமோல் என்ற எல்லைக்கு மிகக் கீழே இருந்தது. எமது தோல் நிறத்துக்கு, வீட்டுக்குள்ளேயே வளரும் பிள்ளைகளில் இதை நாம் அடிக்கடி காண்கிறோம். 12 முதல் 18 வயதுவரை நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் வேண்டும், ஒரு கப் பாலில் சுமார் 300தான் உண்டு. இதற்கிடையில் அரங்கேற்றம் பார்க்க ஊரிலிருந்து அம்மம்மா வந்து இறங்கிவிட்டார். ரிக்கற்றை மாற்ற முடியவில்லையாம். அரங்கேற்றம் இல்லை என்றவுடன் அவர் குசினிக்குள் போனார். உழுத்தங்களி, குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, நெத்தலிப் பொரியல். பிள்ளை உணவுக் குறிப்பேட்டில் இவற்றை எழுதிக்கொண்டு போக, உணவியலாளர் ஒவ்வொன்றும் என்ன என்று விசாரித்து, "பாட்டியை எத்தனை மாதம் வைத்திருக்கலாம்?" என்று கேட்டாராம். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

ஆசிரியை பெரிய மனம் பண்ணினார். முதல் எட்டுக் கிழமையும் பிள்ளையைக் கதிரையில் இருத்தி அபிநயமும் தாளமும் மட்டும் படிப்பித்தார். கிளினிக்கில் உடற்பயிற்சி உடலியலாளர் சைக்கிள், நீச்சல், பின்னங்கால் தசைக்குப் பலப் பயிற்சி என்று கொடுத்தார். நோவில்லாமல் வேகமாக நடக்கவும், பிறகு துள்ளவும் முடிந்த பின்னர், முதற்காலத்தில் ஐந்து நிமிடம் தட்டடவு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும், ஏனென்றால் எலும்பு திருந்துவது ஓய்வு நாளில். பிறகு பத்து நிமிடம், பிறகு இரண்டாங்காலம். பலருக்கு இந்த இடத்திலுள்ள வெடிப்பு எட்டு முதல் பன்னிரண்டு கிழமையில் ஆறிவிடும். ஆனால் எலும்பு ஆறுவது வேறு, இரண்டரை மணித்தியாலம் மேடையில் ஆடத் தயாராவது வேறு.

அவசரப்படும் தகப்பன்மாருக்கு

பையன்களின் விடயத்தில் இதே அவசரம் வேறு உருவத்தில் வருகிறது. உதைபந்திலோ நெற்போலிலோ முழங்காலின் நடுச் சவ்வு, ஏ.சி.எல்., அறுந்தால், "ஆறு மாதத்தில் விளையாடலாம்தானே?" என்பதுதான் முதல் கேள்வி. சத்திரசிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, மீண்டும் களமிறங்குவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் திரும்பக் காயப்படும் வீதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2016இல் வெளிவந்த நோர்வே ஆய்வு காட்டியது. எல்லாருக்கும் கத்தி தேவை என்பதும் இல்லை. 121 இளம் வயதினரை வைத்துச் சுவீடனில் நடந்த ஆய்வொன்றில், பயிற்சியோடு தொடங்கியவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் ஐந்து வருடமாகியும் சத்திரசிகிச்சைக்குப் போகவில்லை. எது யாருக்கு என்பதை நிபுணரும் பிசியோவும் இருந்து பேசித் தீர்மானிக்கவேண்டும். மாமாவின் மகனுக்கு நடந்ததை வைத்து அல்ல.

தலையில் அடிபட்டால் பிசியோ அல்ல, வைத்தியர். அவுஸ்திரேலியாவின் 2024 வழிகாட்டலின்படி 19 வயதுக்குக் குறைந்தவர்கள், அறிகுறி எல்லாம் நின்று 14 நாள் போனபின்தான் மோதல் உள்ள பயிற்சிக்கும், அடிபட்டு ஆகக் குறைந்தது 21 நாள் போனபின்தான் போட்டிக்கும் திரும்பலாம்.

காசு விடயம். ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வருத்தம் என்றால், உதாரணத்துக்குச் சலரோகக்காரருக்கு வரும் உறைதோள், முழங்கால் தேய்வு, நாம் எழுதும் நீண்டகால நோய்ப் பராமரிப்புத் திட்டத்தின் கீழ் வருடத்துக்கு ஐந்து சந்திப்புகளுக்கு மெடிகெயார் ஒரு பங்கைத் தரும். பிசியோ, போடியற்றிஸ்ற், உணவியலாளர் எல்லாருக்கும் சேர்த்துத்தான் ஐந்து. நேற்றுச் சுளுக்கிய காலுக்கு அது கிடையாது. தனியார் காப்புறுதி இருந்தால் அதைப் பாவிக்கலாம், ஒரே சந்திப்புக்கு இரண்டிலும் எடுக்க முடியாது. மேலதிகக் கட்டணம் எவ்வளவு என்று புக் பண்ணும்போதே கேட்பதில் வெட்கமில்லை. முதல் நாள் அரைக் காற்சட்டையும் பழைய சப்பாத்தும் ஸ்கான் படங்களும் கொண்டுபோங்கள்.

இந்தக் கதையை எழுதப் பிள்ளையும் தாயும் சம்மதம் தந்தார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். மாதவிலக்கு நான்காம் மாதம் திரும்பி வந்தது. அரங்கேற்றம் எட்டு மாதம் பிந்தி, பலகை மேடையுள்ள ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. அம்மம்மாவுக்கு விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டதால் தொலைபேசியில் காட்டினார்கள். நாமும் போயிருந்தோம். எமக்கு முன் வரிசையில் அந்த வியட்நாமியப் பிசியோ இருந்தார். தில்லானா தொடங்கியதும் அவருடைய விரல்கள் முழங்காலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தன.